தாங்கும் எல்லை: அமுக்கக் கலன்களும் அனுமதித்த தகைப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

வரலாறு என்பது மன்னர்தம் வெற்றி தோல்விகளையும் அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் மட்டும் எடுத்துரைப்பதன்று. ஒரு சமுதாயம் எவ்வெவற்றுக்கு அஞ்சியது, அவ்வச்சத்தை எவ்வாறு அளந்தது, அளந்ததை எவ்வாறு சட்டமாக்கியது என்பனவும் வரலாற்று ஆய்வுக்குரியனவே. அவ்வகையில், நீராவியையும் வாயுவையும் அடக்கி வைக்கும் இரும்புக் கலன்களின் சுவர் எவ்வளவு சுமையைத் தாங்கலாம் என்று மனிதன் வரையறுத்த கதை, எந்திரவியலாரின் கணக்கேட்டுக்குள் மட்டும் அடங்கிவிடுவதன்று. அதன் ஒவ்வோர் இலக்கத்துக்குப் பின்னாலும் ஒரு விபத்தும் ஒரு விசாரணையும் நிற்கின்றன.

கொழும்பின் வடபால், செட்டியார் தெருவுக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அண்மையில் அமைந்த ஜிந்துப்பிட்டி, சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலாலும் தமிழ் நாடக மேடைகளாலும் அறியப்பட்ட இடம். அது துறைமுகத்தின் அயலூரும் ஆகும். 1875ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885இல் அச்சுவர் நிறைவுற்றது. அதன்பின் கீழைக் கடல்வழியே சென்ற நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிச் செல்லும் பெருந்துறையாகக் கொழும்பு வளர்ந்தது. அந்நிலக்கரியைச் சுமந்த தொழிலாளருள் தென்னிந்தியத் தமிழர் பலர். 1864ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிய முதற் புகைவண்டியும், பின்னர் மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளிற் சுழன்ற பொறிகளும் அதே நீராவியின் வலியால் இயங்கியவை. 'பொயிலர்' என்னும் சொல் இவ்வாறே தொழிலாளர் நாவிற் குடியேறியது. அச்சொல்லுக்குள் உணவும் இருந்தது, அச்சமும் இருந்தது. அவ்வச்சத்தை அளந்தோர் யாவர், எவ்வாறு அளந்தனர், அவ்வளவை இயல்பற்ற வடிவங்களுக்கு எவ்வாறு விரித்தனர் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

தகைப்பும் காப்புக் காரணியும்

கலனின் உள்ளிருக்கும் நீராவி அதன் சுவரை வெளிநோக்கித் தள்ளுகிறது. சுவர் பிளவாதிருக்க அதன் உலோகம் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இவ்வாறு ஓர் அலகுப் பரப்பில் ஏற்படும் உள்விசையே தகைப்பு எனப்படும். மெல்லிய உருளையொன்றில் அதனைக் கணித்தல் எளிது. உள்ளமுக்கத்தை ஆரையாற் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தால் சுற்றுத் தகைப்புக் கிடைக்கும். உருளையின் நீளவாக்கிலமைந்த தகைப்பு அதிற் பாதியே. எனவேதான் அமுக்கம் மிகுந்த உருளைகள் பெரும்பாலும் நெடுக்குவாட்டிற் பிளக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒரு மீற்றர் விட்டமுள்ள உருளையில் அமுக்கம் ஒரு மெகாபஸ்கல் எனக் கொள்வோம். இது வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழப் பத்து மடங்கு. சுவர் 10 மில்லிமீற்றர் தடிப்பாயின் சுற்றுத் தகைப்பு 50 மெகாபஸ்கல் ஆகும். சாதாரண உருக்கொன்று 400 மெகாபஸ்கலில் அறுபடும் எனின், அச்சுவர் தன் வலிமையில் எட்டிலொரு பங்கையே பயன்படுத்துகின்றது.

அவ்வாறாயின், எத்தனையிலொரு பங்கைப் பயன்படுத்தலாம்? இயற்கை இவ்வினாவுக்கு விடை தருவதில்லை. உருக்கு எங்கே அறுபடும் என்பதை இயற்கை வகுக்கும்; அதற்கு எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்பதை மனிதரே வகுக்கவேண்டும். அறுபடும் தகைப்பைக் காப்புக் காரணி என்னும் எண்ணால் வகுத்துப் பெறுவதே அனுமதித்த தகைப்பு. காரணி 5 எனின் மேற்கூறிய உருக்குக்கு அனுமதித்த தகைப்பு 80 மெகாபஸ்கல். வேண்டிய தடிப்பு 6.25 மில்லிமீற்றர். காரணி 4 எனின் 5 மில்லிமீற்றர் போதும். காரணி 3.5 எனின் 4.4 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. காரணி குறையக் குறைய உருக்கு மிச்சமாகும், செலவு சுருங்கும். அஞ்சியிருந்த இடைவெளியும் சுருங்கும். ஆகவே அனுமதித்த தகைப்பு என்பது அறிவுக்கும் அறியாமைக்கும் இடையில் மனிதர் செய்துகொண்ட உடன்படிக்கை எனின் மிகையாகாது.

குருதியில் எழுதிய விதிகள்

இவ்வுடன்படிக்கை அமைதியான முறையிற் பிறக்கவில்லை. உயர் அமுக்க நீராவியின் முன்னோடியான ரிச்சர்ட் ட்ரெவிதிக் அமைத்த கொதிகலனொன்று 1803இல் இங்கிலாந்தின் கிறீனிச்சில் வெடித்து நால்வரைக் கொன்றது. குறைந்த அமுக்கத்தையே நம்பிய ஜேம்ஸ் வாட்டின் தரப்பாருக்கு அது வலுவான சான்றாயிற்று. ட்ரெவிதிக்கோ பின்வாங்காது, இரு பாதுகாப்பு வால்வுகளைப் பொருத்தும் வழக்கத்தைக் கைக்கொண்டார். 1865ஆம் ஆண்டு ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றிற் சென்ற 'சுல்தானா' என்னும் கப்பலின் கொதிகலன்கள் வெடித்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் போர்ச்சிறையிலிருந்து விடுபட்டு வீடு திரும்பிய வீரர்.

பிரித்தானியாவில் 1854இல் மான்செஸ்டர் நகரில் நீராவிப் பயனாளர் சங்கம் தோன்றி, கொதிகலன்களைக் காலந்தோறும் பரிசோதிக்கும் மரபை வளர்த்தது. வில்லியம் பெயார்பேர்ண் அதன் முன்னின்ற எந்திரியருள் ஒருவர். 1882இல் இயற்றப்பட்ட கொதிகலன் வெடிப்புச் சட்டம், வெடிப்பு ஒவ்வொன்றையும் அரசு விசாரிக்க வழிசெய்தது.

இந்தியாவிலும் இதே வழியே சட்டம் வந்தது. 1863இல் கல்கத்தாவில் நிகழ்ந்த கொடிய கொதிகலன் வெடிப்பில் உயிர்கள் பல மாண்டன. அடுத்த ஆண்டே, 1864இல், நீராவிக் கொதிகலன்களைப் பரிசோதிக்கும் சட்டம் வங்காளத்தில் இயற்றப்பட்டது. பிற மாகாணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தமக்குரிய சட்டங்களைச் செய்துகொண்டன. விளைவு விந்தையானது. மாகாண விதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டமையால், ஓரிடத்தில் ஏற்புடையதான கொதிகலன் பிறிதோரிடத்தில் ஏற்கப்படாத நிலை உண்டாயிற்று. உலோகம் ஒன்றே, நீராவி ஒன்றே, மாகாண எல்லையைக் கடந்ததும் அனுமதி மட்டும் மாறிற்று. அனுமதித்த அளவு இயற்கையின் கட்டளையன்று, மனிதரின் ஏற்பாடே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் எழுந்தது. அதன்கீழ் 1950இல் ஒழுங்குவிதிகள் தொகுக்கப்பட்டன. நூறாண்டு நின்ற அச்சட்டத்தின் இடத்தை 2025இல் புதியதொரு சட்டம் பெற்றது. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், நீராவிக் கொதிகலன்களுக்குப் பாதுகாப்பு வால்வு, அமுக்கமானி ஆகியவற்றையும் தவணைப் பரிசோதனையையும் கட்டாயமாக்கிற்று.

உலகெங்கும் செல்வாக்குப் பெற்ற விதித்தொகுதியோ அமெரிக்காவிற் பிறந்தது. 1905ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் புறொக்ரன் நகரிலிருந்த சப்பாத்துத் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். 1907இல் அம்மாநிலம் கொதிகலன் அமைப்புக்குரிய சட்டம் இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் 1914ஆம் ஆண்டுப் பதிப்பாகத் தன் முதல் விதித்தொகுதியை வெளியிட்டது. அதிற் காப்புக் காரணி 5. இரண்டாம் உலகப்போரின் உருக்குத் தட்டுப்பாடு அதனை 4 ஆக்கிற்று. போர் முடிந்த பின்னரும் அச்சலுகை நிலைபெற்றது. 1999இல் அது 3.5 ஆயிற்று. தறையாணிகளாற் பொருத்திய தகடுகள் மறைந்து உருக்கி ஒட்டிய மூட்டுகள் வந்தமையும், உலோகத் தூய்மையும், ஊடுகதிர்ப் பரிசோதனையும் இக்குறைப்புக்கு நியாயமாகக் கூறப்பட்டன. அந்நியாயம் பொருந்துவதே. ஆயினும் போர்க்காலத் தேவையொன்று அமைதிக்கால விதியாக நிலைத்தது என்பதும் வரலாற்றில் மறக்கற்பாலதன்று.

வானிற் பறந்த கலன்

உருளையும் கோளமும் கணக்குக்கு அடங்குபவை. துளை, மூலை, கூம்பு, ஒன்றையொன்று ஊடறுக்கும் குழாய்கள் ஆகியன வந்தவிடத்து அவ்வெளிய கணக்குத் தோற்றுவிடும். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது ஒரு விமானம்.

உயரத்திற் பறக்கும் விமானத்தின் உடல் உள்ளே காற்றமுக்கம் ஏற்றப்பட்ட மெல்லிய கலனே. பிரித்தானியாவின் 'கொமெற்' என்னும் தாரை விமானம் உலகின் முதற் பயணிகள் தாரை விமானமாக 1952இற் சேவைக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையில் அதன் சேவை தொடங்கிற்று. வாரக்கணக்கிற் கடற்பயணம் செய்த தலைமுறைக்கு அஃது ஒரு புதுயுகம். 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து கல்கத்தா, கராச்சி வழியாக வந்து உரோமிலிருந்து புறப்பட்ட கொமெற் ஒன்று எல்பாத் தீவருகே வானிற் சிதைந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஏப்ரல் 8ஆம் நாள் இன்னொன்று நேப்பிள்சுக்கு அண்மைக் கடலில் வீழ்ந்து 21 பேர் மாண்டனர்.

பார்ன்பறோவில் விமான உடலொன்றைப் பெரிய நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, பறப்புக்கு ஒன்றாக அமுக்கத்தை ஏற்றி இறக்கிப் பரிசோதித்தனர். முன்னர் பறந்த பறப்புகளையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் அவ்வுடல் சாளர மூலையொன்றிலிருந்து பிளந்தது. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட சிதைவுகளில் பிளவு கூரையிலிருந்த துளையொன்றின் மூலையில் தொடங்கியிருந்தது. தகட்டின் பரந்த வெளியில் அடங்கி நின்ற தகைப்பு மூலைகளிற் குவிந்து, உலோகத்தைச் சிறுகச் சிறுகக் களைப்படையச் செய்திருந்தது.

வடிவமைத்தோர் கவலையற்றிருந்தனர் என்று கூறுவது நீதியன்று. மூலைகளிலுள்ள தகைப்பைத் துல்லியமாகக் கணிக்கத்தக்க முறை தம்மிடம் இல்லையென்பதை அவர் உணர்ந்தே பரிசோதனையை நம்பினர். மாதிரி உடலொன்றை இயங்கு அமுக்கத்தின் இருமடங்குக்கு ஏற்றிப் பார்த்தனர். பின்னர் அதே மாதிரியைப் பதினாறாயிரம் முறை இயங்கு அமுக்கத்துக்கு உட்படுத்தினர்; அது தாங்கிற்று. ஆனால் முதலில் ஏற்றிய மிகையமுக்கமே அம்மூலைகளை மெல்ல நெகிழச் செய்து, அம்மாதிரியை மட்டும் களைப்புக்கு எதிராக வலுப்படுத்திவிட்டது. சேவையிற் பறந்த விமானங்களுக்கு அவ்வலு வாய்க்கவில்லை. பரிசோதனை பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட வினாவுக்கன்றிப் பிறிதொரு வினாவுக்கு விடை தந்தது.

முடிவுள்ள மூலக முறையின் வரவு

கொமெற் வீழ்ந்த அதே பத்தாண்டிலேயே அம்மூலைகளைக் கணிக்கும் முறையும் பிறந்தமை குறிப்பிடத்தக்கது. சிக்கலான உருவமொன்றைப் பல சிறு துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டத்துக்கும் எளிய சமன்பாடு எழுதி, அண்டைத் துண்டங்கள் கணுக்களில் ஒன்றோடொன்று இசையுமாறு அனைத்தையும் ஒருங்கே தீர்ப்பதே முடிவுள்ள மூலக முறை. 1943இல் கணிதவியலாளர் றிச்சர்ட் கூரண்ட் இதன் வித்தொன்றை இட்டார். 1954, 1955ஆம் ஆண்டுகளில் இலண்டனிலிருந்த ஜோன் ஆகிரிஸ் விமானக் கட்டமைப்புகளுக்குரிய அணிக்கோவை முறைகளை வெளியிட்டார். 1956இல் போயிங் நிறுவனத்துடன் தொடர்புடைய ரேணர், கிளவ், மார்ட்டின், ரொப் ஆகியோரின் கட்டுரை வந்தது. 1960இல் கிளவ் இம்முறைக்குப் பெயர் சூட்டினார். 1967இல் சியென்கீவிச் எழுதிய நூல் அதனைப் பல்கலைக்கழகங்கள்தோறும் கொண்டுசென்றது. கணினியின் வளர்ச்சி அதற்குச் சிறகு தந்தது.

இனித் தொல்லை தீர்ந்தது என்றே பலரும் எண்ணியிருத்தல் கூடும். உண்மையில் தொல்லை இடம் மாறிற்று. பழைய விதிகள் உருளையின் சராசரித் தகைப்பொன்றையே கேட்டன. அதனை அனுமதித்த அளவோடு ஒப்பிட்டன. கணினியோ ஆயிரக்கணக்கான புள்ளிகளிலே ஆயிரக்கணக்கான தகைப்புகளைத் தந்தது. அவற்றுள் மிகப் பெரியதை எடுத்து அனுமதித்த அளவோடு ஒப்பிடின் பயனுள்ள கலன் எதுவும் தேறாது. மேலும், கூரிய உள்மூலையொன்றில் துண்டங்களைச் சிறிதாக்குந்தோறும் கணித்த தகைப்பு எல்லையின்றி ஏறிக்கொண்டே செல்லும். அவ்விலக்கத்தை நம்புவோன் அஞ்சத் தகாததற்கு அஞ்சுவான். அதனை முற்றாகத் தள்ளுவோன் கொமெற்றின் பாடத்தை மறந்தவனாவான்.

தகைப்புகளின் வருணப் பகுப்பு

இதற்கு விடையாக 1963இல் அணுக்கலன்களுக்கென எழுந்த அமெரிக்க விதியும், 1968இல் ஏனைய அமுக்கக் கலன்களுக்கென வந்த இரண்டாம் பிரிவும் புதியதொரு கொள்கையை முன்வைத்தன. தகைப்புகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. அவை விளைக்கும் தீங்கின்படி அவற்றை வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு எல்லை விதித்தல் வேண்டும் என்பதே அக்கொள்கை.

முதலாவது, அமுக்கத்தை நேரே எதிர்த்து நிற்கும் தகைப்பு. சுவரின் தடிப்பு முழுவதும் சராசரியாகப் பரவிய இதற்கு அடிப்படை எல்லையே எல்லை. அந்த எல்லை உலோகம் நெகிழத் தொடங்கும் தகைப்பில் மூன்றில் இரண்டு பங்கை மிஞ்சாது. இஃது எல்லை மீறின் கலன் விரிந்துகொண்டே சென்று வெடிக்கும், இடையில் நிறுத்துவாரில்லை. அதனோடு வளைவுத் தகைப்பும் சேருமிடத்து எல்லை ஒன்றரை மடங்காகும். நீள்சதுர வெட்டுமுகமுள்ள தகடொன்று மேற்பரப்பில் நெகிழத் தொடங்கிய பின்னும் முற்றாகச் சரிய ஒன்றரை மடங்கு வளைவு வேண்டும் என்பதே அதன் நியாயம்.

இரண்டாவது, அண்டைப் பகுதிகள் ஒன்றையொன்று தடுப்பதாலும் வெப்ப வேறுபாட்டாலும் எழும் துணைத் தகைப்பு. உலோகம் சற்று நெகிழ்ந்ததும் இது தானே தணியும். நெகிழ்ச்சியே அதற்கு மருந்து. எனவே அதன் வீச்சுக்கு அடிப்படை எல்லையின் மூன்று மடங்கு, அதாவது நெகிழ்வுத் தகைப்பின் இருமடங்கு, அனுமதிக்கப்பட்டது. அவ்வளவுக்குட்பட்டால் முதற் சில சுற்றுகளில் நெகிழ்ந்த உலோகம் பின்னர் மீள்தன்மையோடு அமைதியாக இயங்கும். மூன்றாவது, துளையோரங்களிலும் மூலைகளிலும் குவியும் உச்சத் தகைப்பு. இஃது ஒருமுறையில் கலனைக் குலைக்காது. பன்முறை ஏறியிறங்கின் களைப்பால் பிளவு தோற்றும். அதன் எல்லை சுற்றுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கொமெற்றின் மூலைகளில் நின்றது இவ்வகைத் தகைப்பே.

இப்பகுப்பு அழகானது, ஆனால் அதற்கோர் இடர் உண்டு. கணினி தரும் தகைப்பின்மேல் அதன் வகை எழுதப்பட்டிருப்பதில்லை. உருளையோடு குழாய் சேருமிடம், உருளையோடு மூடி சேருமிடம் என்னும் வழக்கமான வடிவங்களுக்கு விதிநூலில் அட்டவணை உண்டு. இயல்பற்ற வடிவத்துக்கு அட்டவணை இல்லை. அங்கே ஒரு தகைப்பை 'முதன்மை' என்பதா, 'துணை' என்பதா என்னும் தீர்ப்பு எந்திரியின் கையில் விழுகின்றது. அத்தீர்ப்பு மாறின் அனுமதியும் மடங்குகளால் மாறும். சுவரின் குறுக்கே கோடொன்று வரைந்து, அதன்மேலுள்ள தகைப்பைச் சராசரி, வளைவு, மிச்சம் எனப் பிரிக்கும் முறை 1970களிற் பரவிற்று. அக்கோட்டை எங்கே வரைவது என்பதிலும் கருத்து வேறுபாடே நிலவியது. முப்பரிமாண வடிவங்களுக்கென ஹெக்மர், ஹொலிங்கர் ஆகிய இருவர் 1998இல் வழிகாட்டி வெளியிட நேர்ந்தமை அக்குழப்பத்தின் ஆழத்தைக் காட்டும்.

2007இல் இரண்டாம் பிரிவு முற்றாகத் திருத்தி எழுதப்பட்டபோது மாற்று வழிகளும் இடம்பெற்றன. தகைப்பை வகைப்படுத்தாது, உலோகத்தின் நெகிழ்ச்சியையும் கணக்கிற் சேர்த்து, கலன் எந்தச் சுமையிற் சரியும் என்பதையே நேரிற் கண்டு, அதற்கு உரிய விலகலோடு நிற்றல் அவ்வழி. வகைப்படுத்தல் ஐயத்துக்கிடமாகும் சிக்கலான வடிவங்களுக்கு இதுவே தக்கதெனக் கருதப்பட்டது. அதே திருத்தத்தில் அறுபடும் தகைப்பின் மேலிருந்த காரணி 3இலிருந்து 2.4க்கு இறங்கிற்று. அறிவு கூடியதால் இடைவெளி குறைந்தது என்பதே வாதம்.

அவ்வாதத்தின் மறுபக்கத்தை நோர்வே நாட்டிலே 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் நிகழ்ந்த சம்பவம் உணர்த்தும். 'சிலைப்னர்' என்னும் எண்ணெய் மேடையின் கொங்கிறீற்று அடித்தளம், உருளை அறைகள் பல கூடிய இயல்பற்ற வடிவமுடையது. வெளியேயிருந்து கடல்நீரின் அமுக்கத்தைத் தாங்கவேண்டிய கலனது. அறைகள் சந்திக்குமிடத்து முடிவுள்ள மூலகங்களைப் பருமனாகவும் பொருந்தாமலும் அமைத்ததால், கத்தரிப்புத் தகைப்பு ஏறத்தாழ 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. சுவர் பிளந்தது, மேடை அமிழ்ந்தது. உயிரிழப்பு நேரவில்லை. கணினி தவறவில்லை, அதனிடம் வரைந்து கொடுத்த வலை தவறிற்று. வலையில் எவ்வளவு கண்ணியமோ அவ்வளவே விடையிலும் கண்ணியம்.

தமிழ் நிலத்தில் ஒரு மெல்லிய கலன்

இவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயமொன்று தமிழ் நிலத்திலேயே எழுதப்பட்டுள்ளது. 1965இல் செக்கோசிலோவாக்கியாவின் உதவியோடு திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அமுக்கக் கொதிகலன் தொழிற்சாலை, மின்னிலையக் கொதிகலன் தொழிலைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தது. கல்பாக்கத்திலோ வேறுவகையான சிக்கல் எழுந்தது. அங்கே 1985ஆம் ஆண்டு அக்டோபரில் அதிவேக ஈனுலையின் சோதனை உலை இயங்கத் தொடங்கிற்று. அதன் வழியில் 500 மெகாவாற்று ஆற்றலுள்ள முன்மாதிரி ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கிற்று.

அவ்வுலையின் முதன்மைக் கலன் 12.9 மீற்றர் விட்டமுடையது. அதற்குள் 1,150 தொன் அளவு உருகிய சோடியம் நிற்கும். இவ்வளவு பெரிய கலனின் சுவர்த் தடிப்புப் பெரும்பகுதியில் 25 மில்லிமீற்றர் அளவே. விட்டம் தடிப்பின் ஐந்நூறு மடங்குக்கும் மேல். கோழி முட்டையின் ஓடுகூட விகிதத்தில் இதனினும் தடித்ததே. தடிப்பைக் கூட்டினால் என்ன என்னும் வினா இயல்பானது. சோடியம் கொதியாது நிற்பதால் உள்ளமுக்கம் மிகக் குறைவு. இங்கே பகை அமுக்கமன்று, வெப்பமே. கலனுக்குள் ஏறத்தாழ 397 பாகை செல்சியசில் ஒரு குளமும் 547 பாகையில் மற்றொரு குளமும் அருகருகே நிற்கின்றன. சூடான பகுதி விரிய முயலும். குளிர்ந்த பகுதி தடுக்கும். சுவர் தடிப்பாயின் அதன் இருபுறத்து வெப்ப வேறுபாடு கூடி, வெப்பத் தகைப்பும் கூடும். ஆகவே அமுக்கத்துக்கு மருந்தான தடிப்பு வெப்பத்துக்கு நஞ்சாகின்றது. மெலிந்தாலோ நிலநடுக்கத்தின்போது சுவர் நசுங்கி மடியும் ஆபத்து எழுகின்றது.

இவ்விரு குளங்களையும் பிரிக்கும் உட்கலன் கூம்பும் உருளையும் கூடிய வடிவமுடையது. அதனை எளிய சூத்திரம் எதுவும் தழுவாது. எனவே முடிவுள்ள மூலக முறையே இங்குக் கண்ணாயிற்று. உயர் வெப்பத்தில் உருக்கு மெல்ல மெல்ல ஊர்ந்து நீளும் இயல்பும் கணக்கிற் சேர்ந்தது. அறை வெப்பநிலைக்குரிய விதிகள் போதாமையால், உயர்வெப்பக் கலன்களுக்கென வகுத்த பிரெஞ்சு விதித்தொகுதியைக் கல்பாக்கத்தார் கைக்கொண்டனர். ஏறக்குறைய 200 தொன் எடையுள்ள அக்கலன் 2009ஆம் ஆண்டு டிசம்பரிற் குழிக்குள் இறக்கப்பட்டது.

யாருக்கு அனுமதி?

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஒரு வினா எஞ்சுகின்றது. 'அனுமதித்த' தகைப்பு என்னும் தொடரில் அனுமதிப்பவர் யார்? விதிக்குழுவில் அமர்ந்தோர் எந்திரியர், உற்பத்தியாளர், காப்புறுதியாளர், அரசு அலுவலர். கலனின் அருகே நாளும் நிற்போரோ வேறு மனிதர். புறொக்ரனில் மாண்டோர் சப்பாத்துத் தைத்த தொழிலாளர். நெய்வேலியின் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாளும் ஜூலை 1ஆம் நாளும் கொதிகலன் தொகுதிகளில் நேர்ந்த விபத்துகளில் உயிரிழந்தோரும் தொழிலாளரே. விதி எழுதியோரில் எவரும் அவ்விடங்களில் நிற்கவில்லை.

கொழும்பு மக்களுக்கும் இப்பாடம் தொலைவிலில்லை. 2021ஆம் ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாதங்களில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகளும் தீயும் இலங்கையின் பல பாகங்களில் நிகழ்ந்து வீடுகளை அச்சத்தில் ஆழ்த்தின. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் நியமிக்கப்பட்ட குழு, எரிவாயுவின் கலவையில் நேர்ந்த மாற்றத்தை முக்கிய காரணமாகக் கண்டது. புரொப்பேன் பங்கு கூடும்போது ஒரே வெப்பநிலையில் உருளைக்குள் அமுக்கமும் கூடும். உருளையின் இரும்பு தாங்கலாம். அதனோடு இணைந்த இறப்பர் வளையமும் குழாயும் அடைப்பானும் அவ்வமுக்கத்துக்கு அமைந்தனவா என்பதே வினா. ஜிந்துப்பிட்டியின் நெருங்கிய தோட்ட வீடுகளில், ஒரு சுவருக்கு அப்பால் மற்றொரு குடும்பத்தின் அடுப்பு எரியுமிடத்தில், காப்புக் காரணி என்பது கணக்கேட்டுச் சொல்லாக நிற்பதில்லை. அங்கே அது குழந்தை உறங்கும் பாய்க்கும் அடுப்புக்கும் இடைப்பட்ட இடைவெளி.

காரணி 5இலிருந்து 2.4 வரை இறங்கிய வரலாறு அறிவின் வெற்றி வரலாறே, அதனை மறுத்தற்கில்லை. தடித்த சுவர் எப்போதும் பாதுகாப்பானதன்று என்பதைக் கல்பாக்கத்துக் கலன் காட்டுகின்றது. ஆயின் குறைந்த ஒவ்வொரு காரணியும் ஒரு நிபந்தனையோடு குறைந்தது. பொருள் சோதிக்கப்பட்டிருக்கும், மூட்டு பரிசோதிக்கப்பட்டிருக்கும், உள்ளே நிரப்புவது சொன்னதாகவே இருக்கும், வால்வு அடைபடாதிருக்கும், கணினிக்குக் கொடுத்த வலை தக்கவர் கண்ணாற் பார்க்கப்பட்டிருக்கும் என்பனவே அந்நிபந்தனைகள். இவற்றுள் ஒன்று பொய்த்தால், காகிதத்தில் அனுமதித்த தகைப்பு இரும்பில் அனுமதியற்றதாகிவிடும். தடித்த சுவர் மறதியை மன்னித்தது. மெல்லிய சுவர் மன்னிக்காது.

ஆகவே கலன்களின் அருகே வாழும் மக்கள் கேட்கவேண்டிய வினா, இக்கலன் விதிப்படி அமைந்ததா என்பதோடு நின்றுவிடலாகாது. அவ்விதி எந்நிபந்தனைகளின் மேல் நிற்கின்றது, அவற்றை இன்று காப்பவர் யார் என்றும் அவர் கேட்டல் வேண்டும். கல்கத்தாவிலும் புறொக்ரனிலும் அவ்வினா வெடிப்புக்குப் பின்னரே கேட்கப்பட்டது. வெடிப்புக்கு முன்னரே அதனைக் கேட்கக் கற்றுக்கொண்ட சமுதாயமே இவ்வரலாற்றைப் படித்த சமுதாயமாகும்.